டிக்கெட் வெளியே வராத வாட்டில்

அரச ஆசுபத்திரியில் ஓர் இரவாவது தங்கியவர்களுக்கு டிக்கெட் என்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை. முழுப்பெயர் பெட் ஹெட் டிக்கெட். டொக்டர் கிறுக்கியது, நேர்ஸ் குறித்த காய்ச்சல் அளவு, மருந்துத் தாள், இரத்தப் பரிசோதனைச் சீட்டு எல்லாம் ஒன்றாகக் கோத்த ஒரு கற்றை. நோயாளியை எக்ஸ்ரேக்குத் தள்ளிக்கொண்டு போனால் அவர் மடியில் டிக்கெட்டும் போகும். அதைக் காணோம் என்றால் வாட்டே கலங்கிவிடும். நோயாளி வீட்டுக்குப் போன பிறகும் ஆவண அறையில் பத்திரமாக இருக்கும். வழக்கு என்று வந்தால் நீதிமன்றம் கேட்பதும் அதைத்தான்.

கொவிட் வாட்டில் இந்த டிக்கெட் மாட்டிக்கொண்டது. தொற்று உள்ள பக்கத்துக்குள் போன காகிதம் வெளியே வரக்கூடாது என்றார்கள். (பொருட்களைத் தொடுவதால் பரவும் ஆபத்து குறைவு என்பது பின்னால்தான் தெளிவானது. 2020இல் அதை நம்பிக் காகிதத்தை வெளியே எடுக்க யாருக்கும் துணிவில்லை.) டொக்டர் தடுப்புக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம், டிக்கெட் அந்தப் பக்கம். நேர்ஸ் தாளைக் கண்ணாடியோடு ஒட்டிப் பிடிப்பார், வெளியே நிற்பவர் கைபேசியில் படம் எடுப்பார். இல்லாவிட்டால் பொலித்தீன் பைக்குள் போட்டு உள்ளே வைத்திருக்கும் ஒரு கைபேசியிலிருந்து வட்ஸ்அப் குழுவுக்குப் படம் வரும். மங்கலான படம், பாதி வெட்டுப்பட்ட எண். "12ஆம் கட்டில் 88" என்ற செய்திக்குக் கீழே யாரோ போயா தினத்துக்குத் தாமரைப்பூ அனுப்பியிருப்பார். அந்த 88 ஒட்சிசன் அளவா, நாடித்துடிப்பா என்று கேட்டு இன்னொரு செய்தி போகும்.

கொழும்பு மாவட்டத்து அரச வைத்தியசாலை ஒன்றின் கொவிட் வாட்டுகளுக்காக நாங்கள் சிலர் சேர்ந்து டெப்பில், அதாவது கையடக்கத் தொடுதிரைக் கணினியில், ஓடும் ஒரு செயலி செய்தோம். நான் வெள்ளவத்தையில் வீட்டிலிருந்து வேலை செய்யும் திரை வடிவமைப்பாளன். நிரல் எழுத இரண்டு நண்பர்கள். அந்த வாட்டிலேயே வேலை செய்த ஒரு டொக்டர், எங்களோடு படித்தவர். சம்பளம் கிடையாது. இதைப்பற்றி இப்போது எழுதக் காரணம் ஓர் எரிச்சல்தான். மருத்துவமனைச் செயலி என்று விளம்பரம் வந்தால் அதில் எப்போதும் வெள்ளைக் கோட் போட்ட டொக்டர் டெப்பைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பார். எங்கள் வாட்டில் டெப்பை அதிகம் தொட்டது டொக்டர்கள் இல்லை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். தரவு சேர்ப்பதில் இலங்கை பின்தங்கி இருக்கவில்லை. நாட்டின் முதல் நோயாளி, சீனாவிலிருந்து வந்த ஒரு சுற்றுலாப் பயணி, 2020 ஜனவரி 27 அன்று உறுதிசெய்யப்பட்டார். அவரை வைத்திருந்தது அங்கொடையில், எல்லோரும் ஐ.டீ.எச். என்று சொல்லும் தொற்றுநோய் வைத்தியசாலையில். அந்த மாதமே, டீ.எச்.ஐ.எஸ். 2 என்ற திறந்த மூல மென்பொருளில், விமான நிலையம் வழியாக வருபவர்களைப் பதிந்து பின்தொடர்வதற்கான தொகுதியை இங்குள்ளவர்கள் கட்டத் தொடங்கிவிட்டார்கள். அந்த மென்பொருளை வளர்க்கும் ஒஸ்லோ பல்கலைக்கழகத்தார் அதை எடுத்து எல்லோருக்கும் பொதுவாக்க, வேறு பல நாடுகளும் பயன்படுத்தின. இது தற்செயல் இல்லை. டொக்டர்களுக்கே மருத்துவத் தகவலியல் கற்பிக்கும் பட்டப்பின் படிப்பு ஒன்று கொழும்புப் பல்கலைக்கழகத்தில் அதற்குப் பத்தாண்டு முன்பிருந்தே நடக்கிறது.

ஆனால் அதெல்லாம் மேலே போகும் தரவு. எத்தனை பேர், எந்தப் பகுதி, யாரோடு பழகினார்கள் என்பது. நாட்டுக்கு அது வேண்டும், மறுக்கவில்லை. பாதுகாப்பு அங்கிக்குள் வியர்வையில் ஊறிக்கொண்டு நிற்கும் மனிதருக்கு அதனால் ஒரு வேலையும் குறையவில்லை. வெளியே வந்து குளித்து உடை மாற்றிய பிறகு, உள்ளே எழுதியதையே கணினியில் இன்னொரு தரம் தட்டச்சு செய்யவேண்டி வந்தது என்பதுதான் நடந்தது.

எங்களிடம் முதலில் கேட்டதும் அப்படியான ஒன்றைத்தான். டிக்கெட் முழுவதையும் டெப்புக்குள் கொண்டுவந்துவிடுங்கள், காகிதமே வேண்டாம் என்றார்கள். கேட்க நன்றாக இருந்தது. ஆனால் சட்டப்படி ஆவணம் காகிதம்தான், கையொப்பம் அதில்தான் விழவேண்டும். தொற்றுக் காலத்தின் நடுவில் அந்த விதியை யாரும் மாற்றப் போவதில்லை. அப்படியென்றால் நேர்ஸ் காகிதத்திலும் எழுதி டெப்பிலும் எழுதவேண்டும். வேலையை இலகுவாக்க வந்த பெட்டி வேலையை இரட்டிப்பாக்கும். எனவே டிக்கெட்டைத் தொடுவதில்லை என்று முடிவெடுத்தோம். உள்ளேயிருந்து வெளியே போகவேண்டிய எண்கள், வெளியேயிருந்து உள்ளே வரவேண்டிய பொருட்கள், அவ்வளவுதான் டெப்பில். பல்லைக் கடித்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் விட்டோம். நோயாளியின் முந்திய நோய்கள், ஒவ்வாமை, முகவரி, எதுவும் இல்லை. கட்டில் எண், பெயரின் முதல் பகுதி, வயது. போதும்.

டெப்புகள் நன்கொடையாக வந்தவை. எட்டு அங்குலம், பத்து அங்குலம், பல வகை, சிலதில் மின்கலம் அரைநாள்கூடத் தாங்காது. ஒவ்வொன்றையும் மூடும் பொலித்தீன் பைக்குள் போட்டுத்தான் உள்ளே அனுப்பினோம். மெல்லிய பொலித்தீனுக்கு மேலால் தொடுதிரை வேலை செய்யும். ஆனால் பைக்குள் காற்றுப் போகாது. மின்னூட்டிக்கொண்டே பாவித்தால் கொதித்து நின்றுவிடும். அதனால் திரையின் வெளிச்சத்தைக் குறைத்து, பின்னணியைக் கறுப்பாக்கி, அசையும் எதையும் நீக்கினோம். அழகு பார்க்கிறவர்களுக்கு அந்தத் திரை பிடிக்காது. எனக்குப் பிடிக்கும்.

கையுறைதான் பெரிய விஷயம். உள்ளே இரண்டு சோடி போட்டிருப்பார்கள். விரல் நுனியில் துணிபோல மடிந்து நிற்கும் ரப்பர், உள்ளே வியர்வை. வெள்ளவத்தை வீட்டு மேசையில் நானும் இரண்டு சோடி போட்டுக்கொண்டு, முகக்கவசத்துக்கு மேல் முகத்திரையும் மாட்டிக்கொண்டு தட்டிப் பார்த்தேன். அம்மா கதவடியில் நின்று பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். சாதாரணமாக அன்ட்ரொயிட் செயலிகளில் ஒரு பொத்தானுக்கு 48 அலகு அகலம் போதும் என்பார்கள். இரட்டைக் கையுறைக்கு அது காணாது. ஏறக்குறைய இரண்டு மடங்கு வேண்டும். இழுக்கும் அசைவு ஒன்றும் சரிவராது, தட்டுவது மட்டும்தான். எழுத்துப் பலகை கிடையாது, எண் பலகை மட்டும். கைநாட்டு வைத்துத் திறப்பது, முகம் காட்டித் திறப்பது எல்லாம் அங்கிக்குள் இருப்பவருக்குச் சும்மா. அன்றைய முறையில் நிற்பவர்களின் பெயர்ப் பட்டியலில் தன் பெயரைத் தொட்டு நாலு இலக்கம் அழுத்தினால் போதும் என்று வைத்தோம்.

ஒருமுறை கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தபோது கவனித்தது இது. ஒரு மிஸ் (நேர்ஸை அப்படித்தான் கூப்பிடுவோம்) அல்கஹோல் துணியால் டெப்பைத் துடைக்கிறார். ஈரம் பட்டதும் திரை தானாக எதையெதையோ அழுத்துகிறது. அவர் துடைத்து முடிக்கும்போது ஒரு நோயாளியின் நாடித்துடிப்பு 777. அவர் சலித்துப்போய் என்னைப் பார்த்து, "மல்லி (தம்பி), இதைக் குளிப்பாட்டவும் ஒரு பொத்தான் வைங்களேன்" என்று சைகையும் சிங்களமுமாகச் சொன்னார். வைத்தோம். மூலையில் ஒரு நீர்த்துளிப் படம். தொட்டால் இருபது விநாடிக்குத் திரை எதையும் ஏற்காது. செயலியில் எல்லோரும் ஒருமனதாகப் பாராட்டிய ஒரே அம்சம் இதுதான் என்று நினைக்கிறேன்.

எண்கள் எடுப்பதில் மூச்சு எண்ணிக்கை ஒரு தனிக் கதை. எந்த வாட்டிலும் பழைய தாள்களைப் புரட்டிப் பாருங்கள். நாடி ஒவ்வொருவருக்கும் வேறு வேறு, காய்ச்சல் வேறு வேறு, மூச்சு மட்டும் எல்லோருக்கும் நிமிடத்துக்கு 18 அல்லது 20. உலகம் முழுக்க இதே நிலைதான். ஒரு முழு நிமிடம் நின்று எண்ண யாருக்கு நேரம் இருக்கிறது. ஆனால் கொவிட்டில் ஆள் சாதாரணமாகப் பேசிக்கொண்டிருப்பார், ஒட்சிசன் இறங்கியிருக்கும், மூச்சின் வேகம் முதலில் காட்டிக்கொடுக்கும். எனவே ஒரு பெரிய வட்டம் வைத்தோம். நோயாளியின் மார்பு உயரும்போதெல்லாம் அதைத் தட்டவேண்டும். ஐந்தாறு தட்டில் செயலியே வேகத்தைக் கணக்கிட்டுவிடும். எண்ணவும் வேண்டாம், மணிக்கூடு பார்க்கவும் வேண்டாம். அந்த வாட்டின் தாள்களில் 26, 31 என்றெல்லாம் எண்கள் வரத் தொடங்கின. நோயாளிகள் மாறவில்லை, அளப்பது இலகுவானது.

இந்த எண்களைக் கூட்டி ஆபத்துப் புள்ளி போடுவதற்கு, பிரித்தானியாவின் ரோயல் கொலேஜ் ஒஃப் பிசிசியன்ஸ் 2012இல் கொண்டுவந்து 2017இல் திருத்திய நியூஸ் 2 என்ற முறையை எடுத்தோம். ஏழு அளவுகள்: மூச்சு வேகம், ஒட்சிசன் செறிவு, ஒட்சிசன் கொடுக்கப்படுகிறதா, இரத்த அழுத்தம், நாடி, நினைவு நிலை, காய்ச்சல். மொத்தம் 7 அல்லது அதற்கு மேல் என்றால் உடனடி அவசரம். உதாரணத்துக்கு, ஒட்சிசன் 92, அதற்கு 2 புள்ளி. குழாய் மூலம் ஒட்சிசன் போகிறது, அதற்கு இன்னொரு 2. மூச்சு 26, அதற்கு 3. மற்ற எல்லாம் சரியாக இருந்தாலும் ஏழு வந்துவிட்டது. தலையில் கணக்குப் பார்க்கத் தேவையில்லாமல் வெளியே உள்ள திரையில் அந்தக் கட்டில் மேலே ஏறிவிடும். ஒரு சின்னப் பிடிவாதம்: 94, 95 போன்ற எண்களுக்குப் பச்சை நிறம் கொடுக்க நான் சம்மதிக்கவில்லை. விரலில் மாட்டும் கருவி கறுத்த தோலில் ஒட்சிசனை உள்ளதைவிடக் கூட்டிக் காட்டக்கூடும் என்று 2020 டிசம்பரில் அமெரிக்காவிலிருந்து ஓர் ஆய்வு வந்திருந்தது. நம்மவர் தோல் எந்த நிறம் என்று சொல்லவும் வேண்டுமா? எண்ணை வெள்ளையில் காட்டினோம். நிம்மதி கொடுப்பது திரையின் வேலை இல்லை.

இனி, டெப்பை உண்மையில் அதிகம் பாவித்தவர்கள். அட்டெண்டன்ட்மார், துப்புரவு செய்பவர்கள், ட்ரொலி தள்ளுபவர்கள். ஆசுபத்திரிக் கணக்கில் கனிஷ்ட ஊழியர்கள். சாப்பாடு கொண்டுபோவது, இரத்த மாதிரி கொண்டுவருவது, ஒட்சிசன் சிலிண்டர் உருட்டுவது, இறந்தவரைப் பொதிந்து எடுத்துப்போவது எல்லாம் அவர்கள். திட்டத்தைப் பற்றிய கூட்டங்களில் அவர்களைப் பற்றி யாரும் பேசவில்லை. வாட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தாலே தெரியும், அங்கே மிகப்பெரிய விரயம் அவர்களுடைய நடைதான். உள்ளேயிருந்து "கெனியூலா வேணும்" (நரம்பில் ஏற்றும் சின்னக் குழாய்) என்று கத்துவார்கள், முகக்கவசத்தில் பாதி கேட்காது, வெளியே இருப்பவர் வேறொன்றைக் கொண்டுவருவார், அதை வைக்கும் தட்டு ஏற்கனவே உள்ளே போயிருக்கும். ஆகவே பொருள் கேட்கும் திரை ஒன்று செய்தோம். பொருளின் படம், எத்தனை, தொடு. வெளியே உள்ள டெப்பில் அதே படம். வாசிக்கத் தேவையே இல்லை.

சிலிண்டர் கதைதான் எனக்கு மறக்காதது. 2021 ஓகஸ்டில் டெல்டா திரிபு பரவி வாட்டுகள் நிரம்பி வழிந்தன. 20ஆம் திகதி நாடு மறுபடி பூட்டப்பட்டது. ஓரிரு நாளில் இந்தியக் கடற்படைக் கப்பல் ஒன்று 100 தொன் ஒட்சிசனோடு கொழும்புத் துறைமுகத்துக்கு வந்தது. எங்கள் வாட்டில் சுவர்க் குழாய் எல்லாக் கட்டிலுக்கும் இல்லை. நடைபாதையில் போட்ட கட்டில்களுக்குச் சிலிண்டர்தான். பெரிய சிலிண்டர் ஒன்று நிறைந்திருந்தால் ஏறத்தாழ 7,000 லீற்றர். நிமிடத்துக்கு 15 லீற்றர் போனால் ஏழரை மணித்தியாலத்துக்கு மேல் வரும். மூக்கு வழியாக வேகமாக ஒட்சிசன் செலுத்தும் உயர் ஓட்டக் கருவியில் 60 லீற்றர் போனால் இரண்டு மணித்தியாலம்கூட இல்லை. இந்தக் கணக்கு ஓர் அண்ணனின் தலைக்குள் இருந்தது. எந்தக் கட்டில், எத்தனை மணிக்கு மாற்றியது, அழுத்த மானியின் ஊசி எங்கே நிற்கிறது, எல்லாம். அவர் முறை முடிந்து போனால் அந்தக் கணக்கும் அவரோடு போகும். அடுத்தவர் வந்து ஒவ்வொரு மானியாகப் போய்ப் பார்க்கவேண்டும்.

அவரிடம் உட்கார்ந்து கேட்டோம். "ஊசியில் உள்ள எண், ஓட்டம் எவ்வளவு, இரண்டையும் போட்டால் எத்தனை மணிக்கு முடியும் என்று சொல்லுமா தம்பி?" என்றார். சொல்லும். 47 லீற்றர் கொள்ளளவுள்ள சிலிண்டரில் 50 பார் அழுத்தம் மீதி என்றால் 2,350 லீற்றர், 15இல் ஓடினால் இரண்டரை மணித்தியாலம். அதற்கு அவர் ஒரு திருத்தம் சொன்னார்: முடியும் நேரத்தைக் காட்டாதே, உருட்டத் தொடங்கவேண்டிய நேரத்தைக் காட்டு. களஞ்சியத்திலிருந்து ஒரு சிலிண்டரை எடுத்து லிஃப்டுக்குக் காத்திருந்து கொண்டுவந்து மாட்ட எவ்வளவு ஆகும் என்று அவருக்குத்தான் தெரியும். பகலில் ஒன்று, லிஃப்டில் சாப்பாட்டு ட்ரொலி ஏறும் நேரத்தில் வேறொன்று. அதையும் சேர்த்துத் திரையில் ஒரே ஒரு நேரம் காட்டினோம். ஒலி வைக்கவில்லை, அந்த வாட்டில் ஏற்கனவே எல்லா இயந்திரமும் கத்திக்கொண்டிருந்தது. டெப் ட்ரொலியின் தகரத்தில் கிடந்து அதிரும், அந்தச் சத்தமே போதுமாக இருந்தது.

மொழி விஷயமும் இதே ஊழியர்களால்தான் தீர்ந்தது. 2020 ஒக்டோபரில் பேலியகொடை மீன் சந்தையிலிருந்து பரவத் தொடங்கியபோது முகத்துவாரம், மட்டக்குளி, கிராண்ட்பாஸ் பக்கம் தனிமைப்படுத்தல் ஊரடங்கு போட்டார்கள். அந்தப் பகுதிகளிலிருந்து வந்த நோயாளிகளில் தமிழ் மட்டும் பேசுகிற முதியவர்கள் நிறையப் பேர். வாட்டில் நேர்ஸ்மார் அநேகமாகச் சிங்களவர்கள். குப்புறப் படுத்தால் ஒட்சிசன் ஏறும் என்று நோயாளிக்கு விளங்கவைக்க வேண்டும், சைகையில் அது கடினம். சில வசனங்களைத் தமிழில் பதிந்து டெப்பில் போட்டோம். முதலில் வானொலியில் பேசிப் பழகிய ஒருவர் திருத்தமான குரலில் பதிந்து கொடுத்தார். ஏதோ பொது அறிவித்தல் என்று நினைத்து யாரும் அசையவில்லை. அப்புறம் வாட்டில் துப்புரவு வேலை செய்த, முகத்துவாரத்தைச் சேர்ந்த ஓர் அக்கா, "ஐயா, கொஞ்சம் குப்புறப் படுங்க, தலைகாணிய நெஞ்சுக்குக் கீழ வச்சுக்கங்க, மூச்சு லேசா வரும்" என்று கைபேசியில் சொல்லிக் கொடுத்தார். படுத்தார்கள்.

இதே டெப்பில் நோயாளிகள் வீட்டாரோடு முகம் பார்த்துப் பேசினார்கள். அதை நாங்கள் திட்டமிடவில்லை, நேர்ஸ்மாரே வேறொரு செயலியைப் போட்டுச் செய்தார்கள். சரி, அது நல்லதுதான்.

மேலிடத்துக்கு வேண்டிய அறிக்கைகளுக்கு என்ன செய்தோம் என்று கேட்பீர்கள். காலையில் ஒவ்வொரு வாட்டுக்கும் தொலைபேசி வரும்: எத்தனை கட்டில் காலி, அதில் ஒட்சிசன் உள்ளது எத்தனை? நேர்ஸ் ஒருவர் வேலையை விட்டுவிட்டு எண்ணிச் சொல்வார். கட்டில் மாற்றும்போது அட்டெண்டன்ட் எப்படியும் டெப்பில் அந்தக் கட்டிலைத் தொடுகிறார். சிலிண்டர் திரையில் ஒட்சிசன் கணக்கு இருக்கிறது. இரண்டையும் சேர்த்தால் பதில் அங்கேயே இருக்கிறது. யாரையும் கேட்கத் தேவையில்லை. எங்கள் அளவுகோல் இதுதான்: வேலை நடக்கும்போது தானாக விழுகிற தகவலை மட்டும் எடுப்பது. அதற்கு மேல் ஒரு கட்டம் சேர்க்கவேண்டும் என்று யார் கேட்டாலும், உள்ளே அங்கியோடு நிற்பவர் எத்தனை விநாடி அதிகம் நிற்கவேண்டும் என்று திருப்பிக் கேட்போம். பலர் அத்தோடு விட்டுவிடுவார்கள்.

விடாத ஒருவர் இருந்தார். எந்த நேர்ஸ் எவ்வளவு வேகமாக எண்களைப் பதிகிறார் என்று ஒரு பட்டியல் வேண்டும் என்றார். தரவு எங்களிடம் இருந்தது, ஓர் அரைநாள் வேலைதான். செய்யவில்லை. அந்தப் பட்டியல் வந்த அடுத்த நாளே மூச்சு எண்ணிக்கை மறுபடி எல்லோருக்கும் 18 ஆகியிருக்கும். எவ்வளவு நேரமானாலும் சரி, உண்மையான எண் வேண்டும் என்றுதான் இவ்வளவும் செய்தது. யார் எப்போது தொட்டார் என்ற விவரத்தை நாளின் முடிவில் அழித்துவிடும்படி மாற்றிவிட்டோம். தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022இல்தான் வந்தது; அப்போது எங்களை யாரும் கட்டாயப்படுத்தவில்லை.

2022இல் மின்வெட்டும் டொலர் தட்டுப்பாடும் வந்தன. மின்கலம் வீங்கிய டெப்புகளுக்கு மாற்று வாங்க வழியில்லை. கொவிட் வாட்டுகளும் ஒவ்வொன்றாக மூடப்பட்டுப் பழைய வேலைக்குத் திரும்பின. சிலிண்டர் திரை மட்டும் ஒரு பழைய கைபேசியில் இன்னும் ஓடுவதாகக் கேள்விப்பட்டேன்.

இப்போது டெங்கு வாட்டுக்கு ஒன்று செய்து தரமுடியுமா என்று கேட்டிருக்கிறார்கள். 2017இல் மட்டும் 186,101 பேருக்கு டெங்கு என்று பதிவான நாடு இது, தேவை இருக்கிறது. ஆனால் டெங்குக் கண்காணிப்புத் தாள் காகிதத்திலேயே அருமையான ஒன்று. நாடி, இரத்த அழுத்தத்தின் மேல் எண்ணுக்கும் கீழ் எண்ணுக்கும் இடையிலான வித்தியாசம், சிறுநீர் அளவு, உள்ளே போன நீர், எல்லாம் மணிக்கு மணி ஒரே பக்கத்தில். வித்தியாசம் 20க்கு இறங்கிக்கொண்டு வருவது, அதுதான் அபாயக் குறி, கண்ணுக்கு நேரே தெரியும். அதை டெப்பில் போட்டால் கெட்டுவிடும், தாளை விட்டுவிடுங்கள் என்று சொல்லிவிட்டேன். நேரம் போவது வேறு இடத்தில்: இரத்த மாதிரி லெப்புக்குப் போய் எண் திரும்பி வருவதற்குள். அடுத்த கிழமை அந்த மாதிரிகளைக் கொண்டு ஓடுபவரோடு ஒரு முறை முழுக்க நடந்து பார்ப்பதாகப் பேசியிருக்கிறோம். செருப்பு வேண்டாம், சப்பாத்து போட்டுக்கொண்டு வரச்சொன்னார்.